ஜாமீன் கிடைச்சாச்சு... ஆள் ஏன் இன்னும் வீடு வரல?

பூதப்பாண்டியில் ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்குச் செங்கல் சூளையில் வேலை. ஒரு நாள் பக்கத்து வாழைத் தோட்டத்தில் இருந்த மோட்டார் பம்ப் காணாமல் போகிறது. சந்தேகம் இவர் மேல் விழுகிறது. கைது, ரிமாண்ட், நாகர்கோவில் சிறை.

பத்தாம் நாள் வக்கீல் போனில் சொல்கிறார்: "ஜாமீன் கிடைச்சாச்சும்மா."

அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு. சோற்றை மூடி வைத்துவிட்டு மனைவியும் பிள்ளைகளும் வாசலைப் பார்த்தபடி இருக்கிறார்கள். ஆள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. திரும்ப வக்கீலைக் கூப்பிட்டால் மீதிக் கதை தெரிகிறது.

"ரெண்டு ஜாமீன்தாரர் வேணும்மா. ஆளுக்குப் பத்தாயிரம். சொந்த வீடு இருக்கணும். தீர்வை ரசீது, ஆதார், போட்டோவோட வரச் சொல்லுங்க."

அந்தப் பெண் தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். ரேஷன் கார்டு இருக்கிறது. ஆதார் இருக்கிறது. மூத்தவளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர் பெயரில் தீர்வை ரசீது எப்படி இருக்கும்?

கணவரின் அண்ணனுக்குச் சொந்த வீடு உண்டு. ஆனால் அவர் இருப்பது காவல்கிணற்றில். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் அது திருநெல்வேலி மாவட்டம். "வேற மாவட்டம்லா... லோக்கல் ஆள்தான் கேப்பாங்க" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கொழுந்தன் முறைக்காரரிடம் கேட்டால் அவருக்குப் பயம்: "அவன் தேதிக்கு வரலைன்னா என் வீட்டை ஜப்தி பண்ணிருவாங்கல்லா மைனி?"

இது எந்த ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதையும் இல்லை. ஆனால் எந்த ஊர் கோர்ட் வாசலில் ஒரு வாரம் நின்றாலும், இந்தக் கதையின் ஏதாவது ஒரு துண்டு காதில் விழும். நீதிபதி விடுதலை செய்யச் சொல்லிவிட்டார். ஒரு ரசீது இல்லாததால் ஆள் உள்ளே இருக்கிறார்.

ஆள் போய், தாள் வந்தது

'ஜாமீன்' என்பது அரபு, பாரசீக வழியில் வந்த சொல். அதன் மூலப்பொருள் 'பொறுப்பேற்கும் ஆள்' என்பதுதான். 'இவனை எனக்குத் தெரியும், கூப்பிட்ட நாளில் வருவான், அதற்கு நான் பொறுப்பு' என்று சொல்ல ஒருவர் வேண்டும். தமிழில் 'பிணை' என்கிறோம். அதிலும் இருப்பது ஒரு மனிதரோடு இன்னொரு மனிதரைக் கட்டும் கட்டுதான்.

நடைமுறையில் அந்த ஆளின் இடத்தைத் தாள் பிடித்துக்கொண்டது. ஊரே நல்லவர் என்று சொல்லும் சூளைக்காரருக்காகச் சக தொழிலாளி வந்து நிற்க முடியாது, அவரிடம் சொத்து இல்லை. சொத்து ரசீது வைத்திருப்பவருக்கு அவர் முகமே தெரியாவிட்டாலும் நிற்க முடிகிறது. சில ஊர்களில் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஆட்கள் உருவானதும் இப்படித்தான். ஒருவர் ஜாமீன் நிற்க வந்தால், இதுவரை எத்தனை பேருக்கு நின்றிருக்கிறார் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி இதைத் தடுக்கத்தான் வந்தது.

ஒரு கொத்தனாரின் வழக்கு

47 வருடங்களுக்கு மேலாகிறது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் ஒரு கொத்தனார். அவருக்கு ஜாமீன் கொடுத்தது சாதாரண கோர்ட் இல்லை, சுப்ரீம் கோர்ட்டே கொடுத்தது. ஆனால் உள்ளூர் மாஜிஸ்ட்ரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். 1978-ல் ஒரு கொத்தனார் கண்ணால் பார்த்திருக்க முடியாத தொகை. அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி அதுவும் மறுக்கப்பட்டது. காவல்கிணற்று அண்ணனின் கதையேதான்.

மோதி ராம் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1978 ஆகஸ்டில் தீர்ப்பு எழுதினார். ஒரு மலையாளியோ தமிழரோ பிழைப்புக்காகப் போன இடத்தில், பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால், அங்கே சொத்து வைத்திருக்கும் ஆளுக்கு எங்கே போவார் என்று அதில் கேட்டார். மாவட்ட எல்லையைக் காட்டி ஜாமீன்தாரரை மறுக்கக் கூடாது என்றார். மோதி ராமை அவருடைய சொந்தப் பிணையில், வெறும் 1,000 ரூபாய்க்கு விடச் சொன்னார்.

பாலக்காட்டில் பிறந்த கிருஷ்ணய்யருக்குச் சிறையின் உள்பக்கம் தெரியும். வக்கீலாக இருந்தபோது, கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சட்ட உதவி செய்ததாகக் குற்றம்சாட்டி 1948-ல் அவரையே ஒரு மாதம் சிறையில் வைத்திருந்தார்கள்.

அடுத்த வருடம், 1979-ல், பீகார் சிறைகளைப் பற்றி கே.எஃப்.ருஸ்தம்ஜி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழில் எழுதியதைப் படித்துவிட்டு, புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை கிடைக்குமோ, அதைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த வழக்கின் பலனாகச் சுமார் 40,000 பேர் வெளியே வந்ததாகக் கணக்கிடப்படுகிறது. ஊரில் வேர் உள்ளவரை, அதாவது குடும்பம், வேலை, வீடு என்று இருப்பவரைச் சொந்தப் பிணையில் விடலாம் என்று நீதிபதி பி.என்.பகவதி அதில் எழுதினார்.

தீர்ப்புகள் வந்தன. ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் வருடக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல். இவர்கள் எல்லாரும் சின்ன வழக்குக்காரர்கள் இல்லைதான். ஆனால் இவர்களில் யாரையும் இன்னும் 'குற்றவாளி' என்று ஒரு கோர்ட் சொல்லி முடிக்கவில்லை.

பம்ப்பைப் பறிகொடுத்தவர் என்ன சொல்வார்?

அவருக்கும் நியாயம் உண்டு. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் நிற்பவர் அவர். 'இவனை இன்னைக்கு விட்டா நாளைக்கு ஓடிருவான், சாட்சிக்காரனை மிரட்டுவான்' என்று அவர் பயப்படுவதில் தப்பில்லை. ஓடிப்போகக் கூடியவர், மிரட்டக் கூடியவர் என்று ஆதாரம் இருந்தால் ஜாமீனே கொடுக்காமல் இருக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது.

இந்தப் பெண்ணின் கணவர் விஷயத்தில் நீதிபதி எல்லாவற்றையும் பார்த்து 'விடலாம்' என்று முடிவு செய்துவிட்டார். அதற்குப் பிறகும் ஆள் உள்ளே இருப்பதால் தோட்டக்காரருக்கு எந்தப் பாதுகாப்பும் கூடவில்லை. அதே குற்றச்சாட்டில் வசதியான ஒருவர் அன்று சாயங்காலமே வெளியே போயிருப்பார்.

சொத்து ஜாமீன் இல்லாவிட்டால் ஆள் திரும்ப வரமாட்டார் என்பதும் நிரூபணமான உண்மை இல்லை. 1961-ல் நியூயார்க்கில் 'மன்ஹாட்டன் ஜாமீன் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கைதானவரிடம் சட்ட மாணவர்கள் பேசுவார்கள். எத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறார், வேலை என்ன, குடும்பம் எங்கே என்று விசாரித்து, வேர் இருப்பவர்களைப் பணம் இல்லாமல் விடச் சொல்லிப் பரிந்துரைப்பார்கள். முதல் மூன்று வருடங்களில் அப்படி வெளியே வந்த 3,500-க்கும் மேற்பட்டவர்களில், வேண்டுமென்றே திரும்ப வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பகவதியின் தீர்ப்பு இந்தத் திட்டத்தைத்தான் எடுத்துக்காட்டியது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலம் 2023 செப்டம்பரில் பண ஜாமீன் முறையையே முழுவதுமாக எடுத்துவிட்டது.

உள்ளே கழியும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை இருக்கிறது. சூளையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். வாடகை பாக்கி ஏறும். பிள்ளைக்குப் பள்ளியில் கேலி. இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. 'குற்றத்தை ஒத்துக்கிட்டா, இதுவரை இருந்த நாளைத் தண்டனையில கழிச்சிட்டு வீட்டுக்குப் போயிரலாம்' என்ற ஆசை வந்துவிடும். செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு வருபவருக்கு, அந்தப் பெயர் கடைசிவரை போகாது.

சட்டத்தில் வழி இருக்கிறது

தகரப் பெட்டியை மூடி வைத்த அந்தப் பெண்ணுக்குத் தெரியாத பல வழிகள் இன்றைக்குச் சட்டத்தில் இருக்கின்றன. கைதில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*கைதே தேவையா?* 7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, ஏன் கைது அவசியம் என்று போலீஸ் எழுதிக் காட்ட வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அவசியம் இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுத்து வரச் சொன்னால் போதும். காரணத்தைப் பார்க்காமல் மாஜிஸ்ட்ரேட்டும் ரிமாண்ட் செய்யக் கூடாது. திருட்டுக்கு அதிகபட்சம் 3 வருடம். ஆகவே இந்த வழக்குக்கும் அது பொருந்தும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 60 வயதைத் தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ 3 வருடத்துக்கும் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்குக் கைது செய்ய டி.எஸ்.பி. அனுமதி வேண்டும் என்கிறது.

*ஜாமீனில் விடக்கூடிய குற்றமா?* அப்படியானால் ஜாமீன் சலுகை இல்லை, உரிமை. ஸ்டேஷனிலேயே கொடுக்க வேண்டும். கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாதவரை ஏழை என்றே கருதி, சொந்தப் பிணையில் விட வேண்டும். திருடியதாகச் சொல்லப்படும் பொருள் 5,000 ரூபாய்க்கும் குறைவாக இருந்து, முதல் குற்றமாகவும் இருந்து, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அதற்குச் சிறைக்குப் பதில் சமூக சேவைதான் தண்டனை. அதுவும் ஜாமீனில் விடக்கூடிய குற்றமே. 'ஜாமீனில் விட முடியாத குற்றம்' என்று எஃப்.ஐ.ஆரில் இருந்தாலும் கலங்க வேண்டியதில்லை. ஜாமீனே கிடையாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கோர்ட் முடிவு செய்யும், அவ்வளவுதான்.

*ஜாமீன் கிடைத்தும் ஏழு நாள் ஆகிவிட்டதா?* 2023 ஜனவரி 31 அன்று சுப்ரீம் கோர்ட் கொடுத்த உத்தரவு இந்த இடத்துக்காகவே எழுதப்பட்டது. ஜாமீன் உத்தரவை அன்றைக்கோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குச் சொல்ல வேண்டும். ஆணைக்குழு குடும்ப நிலைமையை விசாரித்து, நிபந்தனையைக் குறைக்கச் சொல்லிக் கோர்ட்டில் அறிக்கை வைக்கலாம். வெளியே வந்தால் ஜாமீன்தாரரைத் தேடிக் கொண்டுவருகிறேன் என்று கைதி கேட்டால், தற்காலிக ஜாமீன் கொடுப்பதையும் கோர்ட் பரிசீலிக்கலாம். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கட்ட முடியாவிட்டால், யாரும் மனு போடாமலே கோர்ட் அந்த வழக்கை எடுத்து நிபந்தனையை மாற்றலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது தாமதத்துக்கு ஒரு முக்கிய காரணம், அதைத் தவிர்க்கலாம் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. காவல்கிணற்று அண்ணன் வரலாம்.

*கட்டப் பணமே இல்லையா?* 2023-ல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஜாமீன் தொகைக்காக ஒரு விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை அரசே கொடுக்கலாம் என்று அது தொடங்கியது. கலெக்டர், எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர் எல்லாரும் இருக்கும் மாவட்டக் குழு முடிவு செய்யும். ஊழல், போதைப்பொருள் போன்ற சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளுக்கு இது கிடையாது.

*நாள்கள் ஓடிவிட்டனவா?* இந்த மாதிரித் திருட்டு வழக்கில் 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். குற்றப்பத்திரிகை உள்ளே வருவதற்கு முன் மனு போய்ச் சேர வேண்டும். அதையும் தாண்டினால், முதல் தடவை வழக்கில் சிக்கியவரை அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்திலும், மற்றவர்களைப் பாதிக் காலத்திலும் விடச் சட்டம் வழி செய்திருக்கிறது. திருட்டு என்றால் ஒரு வருடம் அல்லது ஒன்றரை வருடம். அதற்கு மனு போட வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கு மட்டும் இந்தக் கதவு திறக்காது.

பக்கத்து வீட்டுக்காரரின் பயம்

ஜாமீன் நின்றால் வீடு போய்விடுமோ என்று கேட்டாரே, அந்தக் கொழுந்தன் முறைக்காரருக்கும் பதில் வேண்டும்.

ஜாமீன் நிற்பவர் கையில் இருந்து அன்றைக்குப் பணம் எதுவும் கட்டுவதில்லை. தன்னிடம் இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று காட்டிக் கையெழுத்துப் போடுகிறார். வீட்டை யாரும் எழுதி வாங்குவதில்லை. ஆள் தேதிக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் ஜாமீன்தாரருக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. வராமல் தலைமறைவானால், ஒத்துக்கொண்ட தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று கோர்ட் நோட்டீஸ் அனுப்பும். காரணம் சொல்ல வாய்ப்பு உண்டு, தொகையைக் குறைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பத்தாயிரத்துக்கு நின்றவரிடம் பத்தாயிரத்துக்கு மேல் கேட்க முடியாது. கட்டாமலே இருந்தால்தான் ஜப்தி வரை போகும். ஆளின் போக்கு சரியில்லை என்று நடுவில் தோன்றினால், 'என்னை விடுவித்துவிடுங்கள்' என்று கோர்ட்டில் மனு கொடுத்து விலகிக்கொள்ளலாம்.

ஆகவே பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான். முன்பின் தெரியாத ஆளுக்காகக் கையெழுத்துப் போடக் கூடாது. தெரிந்த ஆளுக்குப் போடலாம்.

வெளியே வந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. 'தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து' என்ற நிபந்தனை தமிழ்நாட்டில் சகஜம். சூளை வேலைக்கும் ரப்பர் தோட்ட வேலைக்கும் போகிறவருக்குப் பத்தரை மணி என்றால் அன்றைய கூலி போச்சு. கையெழுத்தைத் தவறவிட்டால் ஜாமீனே ரத்தாகலாம். அதனால் யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. சில வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, வேலை நேரத்தைக் காட்டி நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி வக்கீல் மூலம் மனு போடுவதுதான் வழி.

நாகர்கோவில் பஸ்ஸில்

பூதப்பாண்டியிலேயே மாஜிஸ்ட்ரேட் கோர்ட் இருக்கிறது. பல முறை சிறை சென்ற தலைவர் ஜீவா பிறந்த ஊரும் இதுதான். ஜீவாவுக்கு வெளியே ஒரு இயக்கமே நின்றது. சூளைத் தொழிலாளிக்கு வெளியே நிற்பது ஒரே ஒரு பெண்.

அவர் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஒரு காகிதத்தில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த ஸ்டேஷன், குற்ற எண் என்ன, எந்தக் கோர்ட், ஜாமீன் உத்தரவு என்றைக்கு வந்தது. அதோடு நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போக வேண்டும். காவலில் இருக்கும் ஒருவருக்கு இலவச வக்கீல் உண்டு, அதற்கு வருமானச் சான்றிதழ் தேவையில்லை. பஸ் ஏற முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

அங்கே போய் 'ஜாமீன் வாங்கித் தாங்க' என்று கேட்டால் 'அதான் கிடைச்சாச்சே' என்று பதில் வரக்கூடும். கேட்க வேண்டியது வேறு: "ஜாமீன் கிடைச்சு ஏழு நாள் ஆச்சு சார். ஆள் இன்னும் உள்ளதான் இருக்காரு. எங்கிட்ட தீர்வை ரசீது இல்லை. நிபந்தனையை மாத்தி, சொந்தப் பிணையில விடச் சொல்லி மனு போடணும்."

இந்த நான்கு வரிக்குப் பின்னால் ஒரு கொத்தனாரின் வழக்கும், பீகார் சிறைகளில் வருடக்கணக்காகக் கிடந்தவர்களின் வழக்கும் இருக்கின்றன. அது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நான்கு வரி தெரிந்தால் போதும்.